ஷாக்கா, லோவரிங் ஸ்பிரிங்கா, முதலில் எது? ஒரு பழைய எம்எக்ஸ்-5-க்கான பதில்

எம்எக்ஸ்-5 என்ற மாஸ்டாவின் சின்ன இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, என்னிடம் 1995-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. முதல் தலைமுறை, 1.8 லிட்டர். 94,000 மைல் ஓடியிருக்கிறது, ஷாக் அப்சார்பர் நான்கும் வண்டியோடு வந்தவை. 30 மி.மீ. இறக்கும் லோவரிங் ஸ்பிரிங் செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இப்போதைக்கு அதை மட்டும் மாட்டிவிட்டு, ஷாக்கை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா? வளைவில் வண்டி சாய்வது குறைய வேண்டும், சக்கரத்துக்கு மேலே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியும் குறைய வேண்டும். ஆனால் தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான்."

வேண்டாம் தம்பி. வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். இந்த வருடம் ஷாக்கை மாற்றுங்கள், ஸ்பிரிங் அடுத்த வருடம் வரட்டும். பாதிப் பேருக்கு அந்த அடுத்த வருடம் ஸ்பிரிங் தேவையே இல்லாமல் போய்விடும்.

நீங்கள் கேட்ட அதே காரியத்தை நான் செய்து பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். என்னுடையதும் முதல் தலைமுறை வண்டிதான். பழைய ஷாக்கின் மேல் மலிவான லோவரிங் ஸ்பிரிங் மாட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. லண்டன் தெருக்களில் பின்பக்கம் அவ்வப்போது "டங்" என்று இடித்தது, அதையும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் வேல்ஸ் மலைச்சாலை ஒன்றில், இடதுபக்கம் திரும்பும் நீண்ட வளைவின் நடுவில் ஒரு மேடு. வேகம் அதிகம் இல்லை. பின்சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டியின் வால் ஒரு அடி வெளியே நகர்ந்தது. எதிரே யாரும் வரவில்லை என்பதால் இன்று உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

அங்கே என்ன நடந்தது என்பது புரிந்துவிட்டால் ஷாக், ஸ்பிரிங் பற்றி மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வண்டி சமதளத்தில் நிற்கும்போது, சக்கரம் மேலே ஏறுவதற்குக் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். ஷாக்கின் தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப், அந்த ரப்பர் போன்ற நுரைக் கட்டை, முழுதாக நசுங்கும் வரை உள்ள தூரம்தான் அந்த இடம். பேச்சுக்கு 75 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் மாட்டினால் மிச்சம் 45. மேடு பள்ளம் சின்னதாகிவிடவில்லை, அது கொடுக்கும் ஆற்றலும் குறையவில்லை. அந்த ஆற்றலைக் குறுகிய தூரத்துக்குள் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 75-ஐ 45-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.8 வரும். அதாவது முன்பு தாங்கிய அதே மேட்டை இடிக்காமல் தாங்க, புது ஸ்பிரிங் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் லோவரிங் ஸ்பிரிங்கோ பழையதைவிட 20, 30 சதவீதம்தான் விறைப்பாக இருக்கும். மூன்று மடங்கு போட்டால் யாரும் அதில் உட்கார்ந்து போக முடியாது.

மிச்ச வேலையைச் செய்வது பம்ப் ஸ்டாப்தான். இறக்கிய வண்டியில் பம்ப் ஸ்டாப் என்பது ஆபத்துக் காலத்துக்கான காவல் இல்லை, தினசரி வேலை செய்யும் இன்னொரு ஸ்பிரிங். அது நசுங்க நசுங்க வேகமாக விறைக்கும். நேர்சாலையில் இது வெறும் இடிச்சத்தம். வளைவிலோ கதை வேறு. வண்டி சாய்ந்து வெளிப்பக்கப் பின்சக்கரம் ஏற்கெனவே பாதி தூரம் உள்ளே ஏறியிருக்கும். அந்த நிலையில் ஒரு மேடு வந்தால் அந்த மூலை மட்டும் சட்டென்று கல்லாகிவிடும். முன்பக்கம் இன்னும் மெத்தென்று இருக்க, சாய்வைத் தாங்கும் பொறுப்பு முழுக்கப் பின் வெளிச்சக்கரத்தின் டயர் மேல் விழும். டயருக்கும் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. அது தாண்டியதும் வால் வெளியே போகும். எனக்கு நடந்தது இதுதான். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் பின் ஷாக்கின் மேல்நோக்கிய பயணம் ஏற்கெனவே கஞ்சத்தனமானது என்பது அந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த குறை. அதிலிருந்து 30 மி.மீ. எடுப்பது ஏழையின் பைக்குள் கையை விடுவது மாதிரி.

ஆகவே உயரம் என்பது நீங்கள் செலவழிக்கும் காசு. எவ்வளவு கையில் இருக்கிறது என்று தெரியாமல் செலவழிக்கக் கூடாது. அதை அளக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன், செலவு சில பென்ஸ்தான்.

சரி, இப்போது ஷாக்குக்கு வருவோம். "ஷாக் அப்சார்பர்" என்ற பெயரே ஒரு பொய். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க அது துடிக்கும்போது, எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளி, அந்த ஆற்றலைச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான் ஷாக்கின் வேலை. பிரிட்டிஷ்காரர்கள் டாம்பர் என்கிறார்கள், அதுதான் நியாயமான பெயர். நம் வாயில் ஷாக் என்றே பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

ஸ்பிரிங் விறைத்தால் அதை அடக்கும் ஷாக்கும் பலமாக வேண்டும், ஆனால் அதே விகிதத்தில் இல்லை. தேவை வர்க்கமூலக் கணக்கில் ஏறும். ஸ்பிரிங் 30 சதவீதம் விறைத்தால் ஷாக் 14 சதவீதம் பலமாக இருந்தால் பழைய கட்டுப்பாடு கிடைக்கும். புது ஷாக்காக இருந்தால் அந்த 14 சதவீதம் பெரிய விஷயம் இல்லை, பழைய ஷாக்கே சமாளித்துவிடும் என்று வாதாடலாம். உங்களுடையது புதிது இல்லை. 94,000 மைலும் கிட்டத்தட்ட 30 வருடமும் ஆன ஷாக். உள்ளே சீல் தேய்ந்து, எண்ணெய் நீர்த்து, வாயு எப்போதோ போயிருக்கும். மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை நம்பாதீர்கள். கை அமுக்கும் வேகம் மிகக் குறைவு, முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும். பாதி செத்தது அதில் தேறிவிடும், சாலையில் தோற்கும்.

பழைய எம்எக்ஸ்-5 "வளைவில் சாய்கிறது" என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை சாய்வின் அளவு இல்லை, சாயும் வேகம். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் தடாலென்று ஒரு பக்கம் விழுந்து, அப்புறம் ஒரு முறை ஆடி நிற்கும். அது ஷாக்கின் குறை. கடைசியில் எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்பதை ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி) தீர்மானிக்கின்றன, எவ்வளவு நிதானமாகப் போய்ச் சேர்கிறது என்பதை ஷாக் தீர்மானிக்கிறது. நல்ல ஷாக் போட்ட அன்றே "வண்டி சாய்வதே இல்லை" என்பார்கள். அளந்து பார்த்தால் அதே அளவு சாயும்.

இந்த வண்டி கொஞ்சம் சாய வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் விருப்பமும்கூட. மாஸ்டா பொறியாளர் தொஷிஹிகோ ஹிராயின் குழு இதை உருவாக்கியபோது பிடித்துக்கொண்ட சொல் "ஜின்பா இத்தாய்", குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு), ஏறக்குறைய பாதிக்குப் பாதி எடைப் பங்கீடு, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. சாய்வு வழியாக டயர் என்ன செய்கிறது என்று ஓட்டுபவருக்குச் சொல்லும் வண்டி அது. அந்தப் பேச்சை முழுக்க நிறுத்திவிட்டால் மிஞ்சுவது சின்ன, சத்தமான, மெதுவான ஒரு வண்டி. இது என் சொந்தக் கருத்து, பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாஸ்டாவே இதைக் கொஞ்சம் முறுக்கேற்ற நினைத்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் 1994-இல் வந்த ஆர் பேக்கேஜ் என்ற ஸ்போர்ட்ஸ் வகையிலும் 1999-இன் பத்தாவது ஆண்டுச் சிறப்புப் பதிப்பிலும் தொழிற்சாலையிலேயே பில்ஸ்டைன் என்ற கம்பெனியின் ஷாக் மாட்டினார்கள். தரையோடு தேய்க்கும் உயரத்துக்கு இறக்கவில்லை.

எந்த ஷாக் வாங்குவது? உங்கள் உபயோகத்துக்கு இரண்டு வழிகளைத்தான் நான் நினைப்பேன். ஒன்று பில்ஸ்டைன், இன்னொன்று கோனி என்ற கம்பெனியின் மஞ்சள் நிற ஸ்போர்ட்.

பில்ஸ்டைன் ஒற்றைக்குழாய் ஷாக். ஒரே குழாய்க்குள் எண்ணெயும், மிதக்கும் பிஸ்டன் ஒன்றுக்குக் கீழே அழுத்தமான நைட்ரஜனும் இருக்கும். எண்ணெய் நுரைக்காது, சூடு வெளிக்குழாய் வழியாக நேரே காற்றுக்குப் போகும். அந்த வாயு அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் வண்டி சில மி.மீ. உயர்ந்து நிற்கும். புது ஷாக் போட்டு வண்டி ஏறிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். அதில் திருகிச் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. என்னைக் கேட்டால் அது குறை இல்லை, நிம்மதி. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பில்ஸ்டைனில் பி6 என்பது அசல் உயரத்துக்கு, பி8 என்பது இறக்கிய வண்டிக்கென்று குட்டையாகச் செய்தது. இறக்கிய வண்டியில் நீளமான ஷாக்கைப் போட்டால் அது எப்போதும் பாதி உள்ளே நுழைந்தபடிதான் வேலை செய்யும், மேல்நோக்கிய இடம் இருக்காது.

கோனி ஸ்போர்ட் இரட்டைக்குழாய். மேலே ஒரு திருகு இருக்கும், ரீபவுண்டை மட்டும், அதாவது ஷாக் நீளும்போது உள்ள பிடியை மட்டும், கூட்டிக் குறைக்கலாம். அமுங்கும் பிடி மாறாது. இது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் ஸ்பிரிங்கின் துடிப்பை அடக்குவது பெரும்பாலும் நீளும் பக்கத்துப் பிடிதான். பின்னாளில் ஸ்பிரிங் மாற்றினால் அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம், ஆகவே "இப்போது ஷாக், பிறகு ஸ்பிரிங்" என்ற உங்கள் நிலைமைக்குப் பொருத்தமாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: முழுக்க மென்மையில் தொடங்கி கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றுங்கள். எல்லோரும் முதல் நாளே இறுக்கிவிடுகிறார்கள். ரீபவுண்ட் அளவுக்கு மேல் போனால் ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் அடுத்த மேடு வருவதற்குள் நீள முடியாது. மூன்று நான்கு மேடு தொடர்ந்து வந்தால் வண்டி படிப்படியாகக் கீழே இறங்கி பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும். அப்போது ஸ்பிரிங்தான் விறைப்பு என்று நினைப்பீர்கள், குற்றவாளி உங்கள் கையிலிருந்த திருகாக இருக்கும்.

மலிவான காயில்ஓவர், அதாவது உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஷாக்-ஸ்பிரிங் செட், பற்றியும் கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காயில்ஓவர் என்ற அமைப்பு தவறு இல்லை. எம்எக்ஸ்-5-இன் அசல் அமைப்பே ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் இருப்பதுதான். ஸ்பிரிங் வந்து அமரும் இருக்கையை மட்டும் ஏற்றி இறக்குவது ஒரு வகை. அடியில் ஷாக்கின் உடலையே நீட்டிக் குறைக்கும் வகை இன்னொன்று, அதில் உயரத்தைக் குறைத்தாலும் பயணம் குறையாது. நல்ல கம்பெனி காயில்ஓவர் நல்ல ஷாக்கைவிட அதிக விலை. கெட்டது நல்ல ஷாக்கைவிட மலிவு. 30 சொடுக்குத் திருகு இருக்கிறது என்பதற்காக உள்ளே நல்ல வால்வு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இங்கிலாந்தின் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள், இரண்டாவது வருடமே உயரத்தை மாற்றத் திருகும் அலுமினிய வளையங்கள் மரையோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் போடமாட்டேன்.

ஸ்பிரிங் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அசல் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிட்டால் போதும்" என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிப்பை நான்காம் அடுக்கில் பொறுத்தது. 10 மி.மீ. கம்பியை 10.5 ஆக்கினால் போதும், விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். எத்தனை சுற்று வேலை செய்கிறது என்பதற்கு நேர்மாறாகவும் விறைப்பு மாறும். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் 14 சதவீதம் விறைக்கும். ஆக வெட்டினால் இறங்கவும் செய்யும், விறைக்கவும் செய்யும், கணக்கு சரிதான். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமராது, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடும். மேட்டில் குதித்து இறங்கும்போது அது கோணலாக வந்து அமர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. கடை ஸ்பிரிங்கிலும் இதே சோதனை உண்டு. மாட்டியபின் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் அந்த ஸ்பிரிங்கும் அந்த ஷாக்கும் ஜோடி இல்லை.

இறக்குவதால் பிடி எவ்வளவு கூடும் என்பதையும் ஒரு கணக்காகப் பாருங்கள். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 450 மி.மீ. என்று வைத்தால், 30 மி.மீ. இறக்குவது வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடையை 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறைக்கும். இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் பம்ப் ஸ்டாப்பில் ஒரு முறை இடித்தால் அந்த 7 சதவீதமும் வட்டியோடு போய்விடும். உங்கள் புகார் சாய்வு என்றால், உயரத்தில் கை வைக்காமலே தடித்த முன் ஆன்டி ரோல் பார் ஒன்றைப் போடலாம். நேர்சாலை மேட்டில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது வேலையே செய்யாது, வளைவில் மட்டும் முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கும். பாரை இணைக்கும் புது டிராப் லிங்கும் ரப்பர் புஷ்ஷும் சேர்த்து ஒரு மதிய வேலை.

எனக்குப் பார்க்கவும் அழகாக வேண்டும் அண்ணா என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. தப்பே இல்லை. முதல் தலைமுறை வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது கொஞ்சம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பது மாதிரித்தான் நிற்கும். 15 முதல் 20 மி.மீ. இறக்குவது எனக்குச் சம்மதம். உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே பாடியின் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பு வரை அளக்க வேண்டும். முன்பக்கம் 13 அங்குலம், அதாவது 330 மி.மீ.க்குக் கீழே தினசரி வண்டியை நான் இறக்கமாட்டேன். இங்கிலாந்துச் சட்டப்படி வேகத்தடை 100 மி.மீ. உயரம் வரை இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் தெருவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணியிருக்கிறீர்களா?

ஷாக் வாங்கும்போதே கூட வாங்க வேண்டியவை சில உண்டு. புது பம்ப் ஸ்டாப் கட்டாயம். உங்கள் பழையவை தொட்டால் பிஸ்கட் போல உதிரும் நிலையில் இருக்கும். கடினமான கறுப்பு ரப்பர் வேண்டாம், படிப்படியாக விறைக்கும் பாலியூரிதேன் நுரைதான் வேண்டும். சில லோவரிங் ஸ்பிரிங் குறிப்புகளில் பம்ப் ஸ்டாப்பைப் பாதி வெட்டச் சொல்லியிருக்கும். ஷாக் தயாரித்தவரும் அதையே சொல்லாதவரை வெட்டாதீர்கள், ஷாக்கின் உள்ளே இரும்போடு இரும்பு மோதும். இன்னொன்று, 1998 முதல் வந்த இரண்டாம் தலைமுறையின் மேல் மவுண்ட், அதாவது ஷாக்கின் மேல்முனையை வண்டியின் உடலோடு பிடிக்கும் பாகம். அது ஷாக்கின் தண்டைக் கொஞ்சம் மேலே பிடிப்பதால், அதே உயரத்தில் வண்டி நின்றாலும் மேல்நோக்கிய பயணம் கூடும். முதல் தலைமுறை வண்டியில், முக்கியமாகப் பின்பக்கத்துக்கு, இதைவிடப் புத்திசாலித்தனமான மாற்றம் ஏதும் எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்பிரிங் இருக்கையின் இடமும் மாறுவதால் உயரம் மாறும். எந்த ஷாக்கோடு எது பொருந்தும் என்று விற்பவரிடம் கேட்டு ஒன்றாக வாங்குங்கள், தனித்தனியாக வாங்கிவிட்டுத் தலையைச் சொறியாதீர்கள்.

மாட்டும் வேலையை நீங்களே செய்வதாக இருந்தால், ஒரு வார இறுதி முழுக்க ஒதுக்குங்கள். பின் ஷாக்கின் மேல் நட்டுகள் டிக்கிக்குள் விரிப்புக்குப் பின்னால் இருக்கும், பெட்ரோல் குழாய் இருக்கும் பக்கம் கை நுழைக்கச் சிரமம். நேரம் தின்பது அது இல்லை, துரு. இந்த ஊரில் 30 வருடம் உப்பு குடித்த போல்ட்டுகள் ஸ்பேனருக்கு வணங்காது. ஒரு வாரத்துக்கு முன்பே தினமும் மாலை துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரெஸ்ஸரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் என்பது ஏற்றி வைத்த துப்பாக்கி, அதன் முன்னால் முகத்தை வைக்காதீர்கள். இரண்டு கொக்கியும் நேரெதிராக இருக்கட்டும், மாறி மாறி இறுக்குங்கள். புது ஷாக்கின் தண்டில் மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் முடுக்காதீர்கள், தண்டு உள்ளே சுழன்று சீலும் வால்வும் கெடும். கோனிக்காரர்கள் இதில் கண்டிப்பானவர்கள்.

இனி நான் சொல்வதை எழுதி ஒட்டி வையுங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டப்பட்டவை. அவை சுழலாது, முறுக்கும். நீங்கள் தளர்த்திய ஆர்ம் போல்ட்டை, சக்கரம் காற்றில் தொங்கும்போதே முழுக்க இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலைதான் புஷ்ஷுக்கு ஓய்வு நிலை என்றாகிவிடும். வண்டியை இறக்கியதும் நான்கு மூலையிலும் புஷ்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி உயர்ந்து நிற்கும், விறைப்பாக ஓடும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். ஒரு பட்டறையில் எனக்கு இப்படிச் செய்து கொடுத்தார்கள். ஸ்பிரிங் சரியில்லை என்று இரண்டு மாதம் ஸ்பிரிங்கையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, அமுக்கி ஆட்டி, மறுபடி இறுக்கினேன். அன்று மாலை வேறு வண்டி ஓட்டியது போல இருந்தது.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. இரட்டை விஷ்போன் வண்டி இறங்கினால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு) தானாக உள்நோக்கிச் சாயும், டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) நகரும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மொட்டையாகும். நல்லவேளையாக எம்எக்ஸ்-5-இல் முன்னும் பின்னும் கேம் போல்ட்டுகள் (திருப்பினால் கோணம் மாறும் போல்ட்டுகள்) உண்டு, முன்பக்கம் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) கேம்பரும், பின்பக்கம் கேம்பரும் டோவும் மாற்றலாம். தெருவில் ஓட்ட நான் கேட்டு வாங்கும் அளவு: முன் காஸ்டர் 5 டிகிரி, முன் கேம்பர் மைனஸ் 1, பின் கேம்பர் மைனஸ் 1.5, முன்னும் பின்னும் மிகக் கொஞ்சம் டோ-இன் (முன்பக்கம் உள்நோக்கிப் பார்ப்பது). பின்பக்கக் கேம்பர் முன்பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும், வால் அடங்கி இருக்கும். உங்கள் எடைக்கு நிகரான ஏதாவது ஓட்டுநர் இருக்கையில் இருக்க அளக்கச் சொல்லுங்கள். ஒரு டன்கூட இல்லாத வண்டியில் 75 கிலோ மனிதர் சின்ன விஷயம் இல்லை. கேம் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால், அதை அறுத்து மாற்றும் செலவு அலைன்மென்ட் செலவைவிடப் பல மடங்கு. ஆகவே ஷாக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு ஸ்பேனரை வைத்து அவை அசைகின்றனவா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் உங்கள் பட்ஜெட்டில் முதல் வரி அதுதான், ஷாக் இரண்டாவது.

காகித வேலையும் இருக்கிறது. ஸ்பிரிங்கோ அசல் அல்லாத ஷாக்கோ மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் பேச்சு நம் பக்கம் இருக்காது. இறக்கினால் ஹெட்லைட் ஒளியின் உயரமும் மாறும், எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனையில் அதையும் பார்ப்பார்கள்.

இப்போது அந்தச் சில பென்ஸ் சோதனை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே. ஷாக் தண்டின் மேல் இருக்கும் தூசி உறையைக் கொஞ்சம் மேலே தள்ளி, தண்டைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜிப் டை இறுக்கி, ஷாக்கின் உடலை ஒட்டிக் கீழே தள்ளி வையுங்கள். முன்னும் பின்னும் ஒவ்வொன்று போதும். வண்டி தரையில் நிற்கும்போது டை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வேலைக்குப் போய்வாருங்கள், வேகத்தடை, பள்ளம், உங்களுக்குப் பிடித்த வளைவு எல்லாம் சேர்த்து. ஒவ்வொரு முறை ஷாக் அமுங்கும்போதும் டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். வார இறுதியில் அது எத்தனை மி.மீ. ஏறியிருக்கிறது, பம்ப் ஸ்டாப்புக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். அது ஷாக்கில் எடுத்த அளவு, சக்கரத்தில் எடுத்தது இல்லை. ஷாக் கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டப்பட்டிருப்பதால் சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் 7 மி.மீ. போலத்தான் அமுங்கும். எனவே 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் உங்கள் ஷாக்கிலிருந்து எடுத்துக்கொள்வது 20 மி.மீ. சொச்சம்.

அசல் உயரத்திலேயே பின் டை ஏற்கெனவே பம்ப் ஸ்டாப்பில் ஏறி நிற்கிறது என்றால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்னும் இடம் இருந்தால் எத்தனை என்று எழுதுங்கள், எவ்வளவு இறக்கலாம் என்று அப்புறம் பேசுவோம்.